நல்ல மீனா பார்த்து

எனக்குச் சம்பளம் தருவது பொறுக்குவதற்காக. கௌரவமாகச் சொன்னால் மென்பொருள் எழுதுகிறேன். ஆனால் என் உத்தியோகத்தை மொத்தமாகப் பிழிந்தால் மிஞ்சும் சாறு இவ்வளவுதான்: நீளமாக ஒரு பட்டியல் வரும். பணம் கட்டாதவர்களை மட்டும் எடு என்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். மறுநாள் அதே பட்டியல் திரும்பி வரும். கட்டியவர்களை எடு என்பார்கள், அதையும் எடுத்துக் கொடுப்பேன். இதற்கு ஏசி அறை, சுழல் நாற்காலி, வருடத்துக்கு ஒரு முறை 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்' என்று ஒரு மதிப்பீடு.

இப்பேர்ப்பட்ட நிபுணனை வீட்டில் கத்தரிக்காய் வாங்க அனுப்புவதில்லை. அனுப்பிப் பார்த்து, புழுவுக்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள். வெண்டைக்காய் நுனி ஒடித்துப் பார்க்கும் உரிமையும் பறிபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மீன் மட்டும் விதிவிலக்கு. நாங்கள் குடியிருப்பது பெசன்ட் நகரில். எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, நடந்து போகிற தூரத்தில் ஊரூர் ஒல்காட் குப்பம். விடியற்காலை கடலில் இருந்தது, காபி குடித்து முடிப்பதற்குள் தெருவோரப் பலகைக்கு வந்துவிடும். பையை மடித்து என் கையில் கொடுக்கும்போது மனைவி சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: "நல்ல மீனா பார்த்து வாங்கிட்டு வாங்க."

அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு வேலை கொடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். 'நல்ல' என்றால் என்ன, எழுத்தில் கொடுங்கள் என்று பதில் அனுப்பி, ஒரு கூட்டம் கூட்டி, அதிலேயே வாரத்தை ஓட்டிவிடுவேன். வீட்டில் பையை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடுகிறேன்.

பட்டியலிலிருந்து பொறுக்கும் கலைக்கு வயது கொஞ்சம் அதிகம். கென்னத் ஐவர்சன் என்ற கணித மேதை 1962ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இது இருக்கிறது. ஒரு பக்கம் பட்டியல், இன்னொரு பக்கம் அதே நீளத்துக்கு 1, 0 என்று ஒரு வரிசை. 1 விழுந்தது நிற்கும், 0 விழுந்தது போகும். எழுபதுகளில் ஸீராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஸ்மால்டாக் மொழி இதையே செலக்ட், ரிஜெக்ட், டிடெக்ட் என்று பெயர் சூட்டி வளர்த்தது. ரூபி மொழி அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. 2009ல் ஜெரமி அஷ்கெனாஸ் என்பவர் இதே பொறுக்கும் கருவிகளை வைத்து ஜாவாஸ்கிரிப்டுக்காக அண்டர்ஸ்கோர் என்ற நூலகத்தை எழுதினார். அதே வருடம் டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ வரையறையிலேயே ஃபில்டர் என்ற பெயரில் இது வந்து சேர்ந்தது. ஆனால் வரையறை வந்தால் போதுமா? பழைய பிரவுசர்கள் அதைப் படிக்க வேண்டாமா? 2012ல் ஜான் டேவிட் டால்டன் லோடாஷ் என்ற நூலகத்தைக் கொண்டுவந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு அன்று பிடித்த சுகம் இன்னும் விடவில்லை.

லோடாஷின் ஃபில்டருக்கு இரண்டு பொருள் கொடுக்க வேண்டும். ஒன்று பட்டியல், இன்னொன்று நிபந்தனை. பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து நிபந்தனையிடம் காட்டும். ஆமாம் என்றால் புதுப் பட்டியலில் சேர்க்கும், இல்லை என்றால் தாண்டிப் போகும். முடிந்தது. இதில் மனிதன் யோசிக்க வேண்டியது நிபந்தனையை மட்டும்தான். என் விஷயத்தில் பட்டியல் குப்பத்தில் இருக்கிறது. நிபந்தனை வீட்டில், ஐந்து பேர் மனதில், ஐந்து விதமாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு காலை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கினேன். அம்மா நாகப்பட்டினத்துக்காரர். "முள்ளு இல்லாத மீன்ல என்னப்பா ருசி? காரப்பொடி வாங்கு, நெத்திலி வாங்கு, சினை இருந்தா இன்னும் நல்லது" என்றார். பையன், "ஒரு முள்ளு இருந்தாலும் நான் சாப்பிட மாட்டேன்" என்றான். கல்லூரிக்குப் போகும் மகள், "சினை மீனை வாங்காதீங்கப்பா, அதெல்லாம் முட்டை போட்டாத்தானே அடுத்த வருஷம் கடல்ல மீன் இருக்கும்?" என்றாள். மாமனார் தினத்தந்தியை இறக்காமலே, "விலை கம்மியா இருக்கணும் மாப்ளே, ஆனா வஞ்சிரமா இருக்கணும்" என்றார். மனைவி அடுப்படியிலிருந்து ஒற்றைச் சொல்லில் முடித்தாள்: "ஃப்ரெஷ்."

இவற்றையெல்லாம் 'மற்றும்' போட்டு இணைத்தேன். முள் இருக்க வேண்டும், மற்றும் முள் இருக்கக் கூடாது, மற்றும் சினை இருக்க வேண்டும், மற்றும் சினை இருக்கக் கூடாது, மற்றும் மலிவான வஞ்சிரம். வங்காள விரிகுடா முழுவதையும் கொட்டினாலும் இந்த ஃபில்டரில் வெளியே வருவது ஒரு வெற்றுப் பட்டியல். சரி, 'அல்லது' போட்டுப் பார்ப்போம் என்றால் எதிர்ப்பக்கம் போய் முட்டியது. முள் இருக்க வேண்டும் அல்லது முள் இருக்கக் கூடாது என்றால் கடலில் இருக்கிற அத்தனையும் தேறிவிடும், திமிங்கலம் உட்பட.

இதற்கு மேல் தேதிக் கட்டுப்பாடு. வெள்ளி, செவ்வாய் கூடாது. அமாவாசை கூடாது. கிருத்திகை அம்மாவுக்குக் கூடாது, எங்களுக்குப் பரவாயில்லை. ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்களுக்கும் கூடாது. புரட்டாசி மாதம் முழுவதும் தள்ளுபடி. அப்புறம் அரசாங்கத்தின் பங்கு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. இந்தத் தடைக்குள்ளேயே ஒரு நிபந்தனை உண்டு. விசைப்படகுக்குத்தான் தடை, குப்பத்துச் சின்ன ஃபைபர் படகுகள் போகலாம். ஆகவே காசிமேட்டில் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த மாதங்களில் எங்கள் குப்பத்துப் பலகைக்கு மவுசு கூடிவிடும். தி.நகரிலிருந்தெல்லாம் கார் வந்து நிற்கும். அப்போது பார்த்தால், எங்கள் வீட்டு ஐந்து நிபந்தனையும் கரைந்துபோய், "ஏதாவது கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்று ஒன்றாகிவிட்டிருக்கும். வரத்துக் குறைந்தால் குடும்ப ஒற்றுமை வருகிறது என்று கவனித்து வைத்திருக்கிறேன்.

ஒல்காட் குப்பம் என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹென்றி ஸ்டீல் ஒல்காட் அமெரிக்க ராணுவத்தில் கர்னல். பிரம்மஞான சபையை 1875ல் நியூயார்க்கில் தொடங்கிய சிலரில் ஒருவர். 1882ல் அதன் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தார். ஆன்மிகத்துக்கு வருவதற்கு முன்னால், உள்நாட்டுப் போர்க் காலத்தில், ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்த காண்டிராக்டர்களில் யார் திருடன் என்று பொறுக்கி எடுக்கிற வேலையில் இருந்தார். 1865ல் லிங்கன் கொலையை விசாரித்தவர்களிலும் அவர் ஒருவர். ஆக, நிபந்தனை போட்டுப் பொறுக்குவதில் உலகத் தரமான ஒருவரின் பெயரைத் தாங்கிய குப்பத்துக்குத்தான் நான் பையோடு போய் நிற்கிறேன். 2015ல் இங்கே ஒரு கலை விழா தொடங்கி, கடற்கரை மணலில் கர்நாடகக் கச்சேரியும் நடந்தது. மயிலாப்பூர் சபாக்களின் ரிஜெக்டில் இத்தனை காலம் யார் யார் விழுந்திருக்கிறார்கள் என்று அப்போது பல பேருக்கு உறைத்தது. எனக்கு உறைத்தது, கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பும்போது மீன் வாங்க முடிகிற ஒரே விழா இதுதான் என்பது.

சீக்கிரம் போய்விட்டால் படகுகள் கரையேறியிருக்கும் இடத்தில் சும்மா நிற்பேன். வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இதைப் பார்த்த பிறகு என் உத்தியோகத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டது. செவுள் வலை என்று ஒன்று. கடலுக்குள் திரைச்சீலை மாதிரித் தொங்கும் நைலான் வலை. அதன் ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவு. சின்ன மீன் அந்தக் கண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். ரொம்பப் பெரிய மீன் தலையை நுழைக்கவே முடியாமல் மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிவிடும். இடைப்பட்ட அளவு இருக்கிறதே, அதற்குத்தான் வினை. தலை நுழையும், உடம்பு நுழையாது. சரி, பின்னால் போவோம் என்று இழுத்தால் செவுள் மூடி நூலில் மாட்டிக்கொள்ளும். 'இதைவிடப் பெரிது, மற்றும் அதைவிடச் சிறிது' என்று நான் இரண்டு நிபந்தனை எழுதி, நடுவில் ஒரு குறியை மாற்றிப் போட்டு, மூன்று பேர் சரிபார்த்து, அப்புறமும் தப்பாகப் போகிற வேலையை ஒரு நூல் செய்கிறது. கவளைக்கு ஒரு கண், வஞ்சிரத்துக்கு வேறு கண். வீட்டில் எத்தனை வலை இருக்கிறதோ அத்தனை நிபந்தனையும் மடித்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

விசைப்படகின் இழுவை மடி வேறு ரகம். அது பின்னால் இழுத்துக்கொண்டு போகிற பெரிய பை. அதற்கு ஏறக்குறைய ஒரே நிபந்தனைதான்: அடிப்பை கண்ணைவிடப் பெரிதா, உள்ளே வா. குஞ்சு, தாய், வேண்டியது, வேண்டாதது எல்லாம் உள்ளே. வலைக்கண் எவ்வளவு, கரையிலிருந்து எத்தனை தூரம் என்பதற்கெல்லாம் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983 என்று தனியாக ஒன்று இருக்கிறது. கட்டுமரக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் கடலில் மோதிக்கொண்ட காலத்தில் வந்த சட்டம் அது. நிபந்தனை தளர்வாக இருந்தால் கைகலப்பில் முடியும் என்பதை எங்கள் தொழிலில் இன்னும் யாரும் சட்டமாக்கவில்லை.

ஆனால் செவுள் வலைக்கும் ஒரு குறை உண்டு. அதற்கு அளவு தெரியும், மீன் தெரியாது. ஒருநாள் நான் பார்த்தபோது ஒரு பையன் வலையை மடியில் போட்டுக்கொண்டு கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு கவளை. ஒரு கவளை. ஒரு நண்டு, அது நூலைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. ஓர் எண்ணெய் பாக்கெட். மறுபடி கவளை. அப்புறம் குழந்தையின் செருப்பு, இடது கால். செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு மணலில் வைத்தான். நிபந்தனைப்படி செருப்பும் தேறியதுதான்.

இந்த ஆபத்து எங்கள் நூலகத்திலும் இருக்கிறது. சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. பையன் முள் கூடாது என்றானே, அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி ஒருமுறை கடம்பா வாங்கிப் போனேன். எட்டுக் கால், இரண்டு கை, ஒரு முள் கிடையாது. தட்டைப் பார்த்துவிட்டு அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரப்பர் செருப்பை வறுத்து வைத்திருந்தால்கூட அதில் கொஞ்சம் கருணை இருந்திருக்கும். அம்மா மட்டும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அதுவும் என் மனசு நோகக்கூடாது என்று.

லோடாஷில் ஒரு சுருக்கு வழி உண்டு. நிபந்தனையை முழுசாக எழுதச் சோம்பலாக இருந்தால், ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். 'ஃப்ரெஷ்' என்று கொடுத்தால், ஒவ்வொரு உருப்படியிலும் ஃப்ரெஷ் என்ற கட்டத்தைப் பார்த்து, அதில் மெய் என்று தோன்றுவது இருந்தால் எடுத்துக்கொள்ளும். என் மனைவி அடுப்படியிலிருந்து வீசியதும் இதே சுருக்கு வழிதான். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் எது மெய், எது பொய் என்பது ஒரு தனிப் புராணம். 0 பொய். வெறும் கட்டம் பொய். ஆனால் அந்தக் கட்டத்தில் 'பொய்' என்று எழுத்தால் எழுதி வைத்தால் அது மெய்! ஏதோ எழுதியிருக்கிறதே, காலியாக இல்லையே, அது போதும் அதற்கு. 'இந்த மீன் ஃப்ரெஷ்ஷா?' என்ற கட்டத்தில் 'சத்தியமாக இல்லை' என்று யாராவது எழுதியிருந்தால் லோடாஷ் நல்ல பிள்ளையாக அதை முதலில் பையில் போடும். ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து "ஃப்ரெஷ்ஷு சார், ஃப்ரெஷ்ஷு" என்று கூப்பிடுகிறவர்களிடம் ஒரு காலத்தில் நான் வாங்கிக்கொண்டிருந்ததும் இதே தத்துவத்தில்தான்.

காம்பேக்ட் என்று இன்னொன்று. பட்டியலில் பொய்யானதையெல்லாம் ஒரே வீச்சில் உதறிவிடும். 0 என்பதும் அதில் போய்விடும், அது உண்மையிலேயே வாங்கிய மதிப்பெண்ணாக இருந்தாலும். பையனிடம் இதைச் சொன்னபோது கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்துப் படிக்கிறேன் என்றான். அவன் வாழ்க்கையில் படிப்பைப் பற்றிச் சொன்ன முதல் உற்சாகமான வார்த்தை.

மாமனார் வகை வேறு. என்னோடு வருகிறேன் என்று சில ஞாயிறுகளில் கிளம்பிவிடுவார். அவருடையது டேக்வைல். அதாவது வரிசையின் தலையிலிருந்து ஆரம்பித்து, நிபந்தனை பலிக்கிற வரைக்கும் எடுத்துக்கொண்டே போவது. ஒன்று பலிக்காவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவது. அதற்கப்புறம் தங்கமே கொட்டிக் கிடந்தாலும் பார்ப்பதில்லை. முதல் பலகையில் பேசுவார், இரண்டாவதில் பேசுவார். ஒருமுறை மூன்றாவது பலகை அம்மாள் "வாங்குறதுன்னா வாங்கு பெருசு, தொட்டுத் தொட்டு மீன் சூடாயிடப் போவுது" என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். நான்காவது பலகையில் அவர் ஆயுள் முழுக்கத் தேடிய மலிவு வஞ்சிரம் இருந்ததா என்பது பரம்பொருளுக்கே வெளிச்சம்.

நான் வாடிக்கையாக வாங்குவது கடைசிப் பலகைக்கு முந்தின அக்காவிடம். முதல் நாள் போனில் நிபந்தனைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போய் நின்றேன். செவுள் சிவப்பு, கண் தெளிவு, வயிறு கெட்டி, வாடை கடல் வாடை.

"இன்னா சார் போனையே பாத்துக்கினு கீற? மீனு இங்க கீது."

ஒரு சங்கராவின் செவுளைக் கட்டை விரலால் தூக்கினேன். சிவப்பாகத்தான் இருந்தது. எவ்வளவு சிவப்பு இருந்தால் சிவப்பு என்று என் பட்டியலில் இல்லை.

"கண்ணப் பாரு சார்."

பார்த்தேன்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற? மீனோட கண்ணப் பாரு."

பக்கத்துப் பலகையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா ஒரு மீனை எடுத்தாள். செவுளைத் திறக்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. கையில் ஒரு தூக்கு, வயிற்றில் பெருவிரலால் ஒரு அழுத்து, அழுத்தின பள்ளம் உடனே மேலே வந்தது. இந்தப் பக்கம் போட்டாள். இன்னொன்றைத் தூக்கினாள், அந்தப் பக்கம் போட்டாள். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "இது ராத்திரி மீனு, அது காலையில வந்த மீனு" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியும்" என்றாள். முப்பது வருடமாக மெஷின் லேர்னிங் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த ஒரு பதிலை வெளியே வரவழைக்கத்தான்.

கூறு விஷயத்தில்தான் எங்களுக்குள் கொள்கைத் தகராறு. நெத்திலி, காரப்பொடி, சின்னச் சங்கரா இதெல்லாம் நிறுப்பதில்லை, கூறு கட்டி வைப்பார்கள். ஒரு கூறு இவ்வளவு என்று விலை. நான் ஒரு கூறில் நல்லதாகத் தெரிந்த நாலைப் பொறுக்கி, பக்கத்துக் கூறிலிருந்து நாலைப் பொறுக்கி, ஆக ஒரு கூறு என்று நீட்டினேன். அக்காவின் கை என் கையைத் தட்டிவிட்டது.

"கூறுல கை வெச்சுப் பொறுக்காத. எடுத்தா முழுசா எடு."

"நல்லதை மட்டும்தானே எடுக்கறேன்?"

"நல்லத நீ எடுத்துக்கினு போயிட்டா, மிச்சத்த யாரு எடுப்பாங்க? நான் துன்றதா?"

லோடாஷில் இந்தக் கேள்வி எழவே எழாது. ஃபில்டர் ஒரு புதுப் பட்டியலைத் தரும், பழைய பட்டியல் இருந்தது இருந்தபடி இருக்கும். நான் எத்தனை முறை பொறுக்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய பட்டியலிலிருந்தே பிடுங்கி எடுக்க வேண்டும் என்றால் ரிமூவ் என்று தனியாக இருக்கிறது. அதைக் கை நடுங்கியபடி உபயோகிப்போம், ஏனென்றால் அந்தப் பட்டியலை வேறு யாராவது நம்பிக்கொண்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, பொறுக்கினால் மிச்சம் கெடாது என்ற நினைப்பு எனக்கு எலும்பு வரை ஊறிவிட்டது. சந்தையில் ஃபில்டரே கிடையாது, எல்லாம் ரிமூவ்தான். கூறு என்பது அதற்கு அக்காக்கள் போட்டு வைத்திருக்கும் பூட்டு. இரண்டு நல்லது, நாலு சுமார், ஒன்று தேறாதது என்று கலந்து கட்டி, கட்டினதைப் பிரிக்காதே என்கிறார்கள். கடைசியில் வருகிற வாடிக்கையாளனுக்கும் இரண்டு நல்ல மீன் கிடைக்கிறது. நான் பெரும்பாலும் கடைசியில் வருகிறவன் என்பதால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன சமயம், படகுகள் கடலுக்குப் போகவில்லை. பலகைகள் வெறிச்சோடிக் கிடந்தன. இந்த இடத்தில் லோடாஷைப் பாராட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சொந்த ஃபில்டரிடம், பட்டியலே இல்லாத சூனியத்தைக் கொடுத்தால் கத்திக் கூப்பாடு போட்டு வேலையை நிறுத்திவிடும். லோடாஷ் அப்படியில்லை. பட்டியல் இல்லையா, சரி, வெற்றுப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம் என்று அமைதியாக வெறும் பையைத் திருப்பிக் கொடுக்கும். நானும் லோடாஷ் மாதிரியே வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

"ஃப்ரெஷ்ஷாப் பார்த்து வாங்கினீங்களா?" என்றாள் மனைவி, தேங்காய் துருவியபடி.

"வாங்கினது அத்தனையும் ஃப்ரெஷ்" என்றேன்.

இது பொய்யில்லை. லோடாஷில் எவ்ரி என்று ஒரு ஃபங்ஷன், 'பட்டியலில் உள்ள எல்லாமே நிபந்தனைக்குப் பொருந்துகிறதா' என்று பார்த்துச் சொல்லும். வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் 'மெய்' என்று சொல்லும். தர்க்க சாஸ்திரமும் அதையேதான் சொல்கிறது. இந்தப் பையில் உள்ள மீன்களில் கெட்டுப்போனது ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம், முடியாது. ஆகவே அத்தனையும் நல்ல மீன். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவள் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். "ஒண்ணாவது இருக்கா?" என்றாள். அதற்கு சம் என்று வேறு ஃபங்ஷன். வெற்றுப் பட்டியலுக்கு அது 'பொய்' என்றுதான் சொல்லும். ஒரே பையைப் பற்றி எல்லாமே நல்லது என்பதும் மெய், ஒன்றுகூட நல்லதில்லை என்பதும் மெய். துருவின தேங்காயில் அன்றைக்குச் சட்னி அரைத்தார்கள்.

மீன் வந்த நாட்களில் சமையலறையில் நடப்பது பார்ட்டிஷன். ஒரே பார்வையில் இரண்டாகப் பிரிப்பது: இது வறுவல், அது குழம்பு. தலை குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு. பார்ட்டிஷனுக்கு மூன்றாவது பாத்திரம் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு, அது பின்வாசல் பூனைக்கு. மூன்று வேண்டுமானால் குரூப்பை என்று வேறொன்று எழுத வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அரிவாள்மணைக்குப் பக்கத்தில் நின்று யோசனை சொல்லக் கூடாது என்று அம்மா கண்ணாலேயே சொன்னார்.

போன ஞாயிறு குப்பத்தில் நல்ல வரத்து. நான் ஒரு புதுத் திட்டத்தோடு போயிருந்தேன். ஃபில்டரை விட்டுவிட்டு ஃபைண்டுக்கு மாறுவது. ஃபில்டர் பட்டியலைக் கடைசி வரை பார்த்தே தீரும். ஃபைண்ட் அப்படி இல்லை. நிபந்தனைக்குப் பொருந்தும் முதல் உருப்படி கிடைத்த மாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். கல்யாணத்தில் நான் கடைப்பிடித்த முறையும் அதுவே என்று மனைவியிடம் ஒருமுறை பெருமையாகச் சொல்லி, அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் முதல் பலகையில் சங்கரா நன்றாக இருந்தது. இரண்டாவதில் இன்னும் நன்றாக இருக்குமோ என்று தோன்றியது. மூன்றாவதில் கிழங்கான் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. திரும்பி முதல் பலகைக்கு வந்தேன். செவுளைத் தூக்கினேன், வயிற்றை அழுத்தினேன், அக்கா செய்தது போலவே கையில் தூக்கிப் பார்த்து, தெரிந்துவிட்டது போல் தலையை ஆட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் வழக்கமான பலகைக்கு வந்து நின்றேன்.

அக்கா பலகைக்கு அடியிலிருந்து ஒரு கருப்பு கவரை எடுத்து நீட்டினாள்.

"இந்தா சார். ஒரு கிலோ சங்கரா, ரெண்டு கூறு நெத்திலி. ஆஞ்சு, கழுவி வெச்சிட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே அக்கா."

"வூட்லருந்து அவங்க ஏழு மணிக்கே போன் பண்ணிட்டாங்க. துட்டும் ஜிபே பண்ணிட்டாங்க."

"அப்போ இவ்வளவு நேரம் நான் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினப்போ ஏன் கூப்பிடல?"

அக்கா தராசுத் தட்டைக் கழுவி ஊற்றினாள். "எட்டரை மணிக்கு மேல குடுத்தா போதும், அதுக்குள்ள வூட்டப் பெருக்கித் தொடச்சிடுறேன், அவரு அங்கியே பாத்துக்கினு இருக்கட்டும்னு சொல்லிச்சு. மணி எட்டேகால்தான் ஆவுது. அந்தாண்ட நண்டு வந்திருக்கு, வேணும்னா போய்ப் பாத்துட்டு வா சார்."